ஸ்கிரிப்டோரியம்: தமிழில் எப்படிச் சொல்வது?

தாம்பரத்தை அடுத்த சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயர் நமக்குப் பழக்கமானது. அந்தப் பெயரின் வால்தான் ஸ்கிரிப்டோரியத்திலும் இருக்கிறது. லத்தீனில் ‘ஓரியம்’ என்று முடியும் இத்தகைய சொற்கள் ஒரு செயலுக்குரிய இடத்தைக் குறிக்கும். நோய் தீர்க்கும் இடம் சானடோரியம். ‘ஸ்க்ரீபெரே’ என்றால் எழுதுதல்; ஆகவே எழுதும் இடம் ஸ்கிரிப்டோரியம்.

எல்லா எழுத்தும் அல்ல. இடைக்கால ஐரோப்பிய மடங்களில் துறவிகள் தோல் ஏடுகளில் நூல்களைப் படியெடுத்த எழுத்து. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில், 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த மட வரைபடம் ஒன்று இருக்கிறது. ஐந்து தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது அது. அதில் தேவாலயத்தை ஒட்டிய ஓர் அறையில் சன்னலோரமாக ஏழு எழுதுமேசைகள், நடுவே பெரிய மேசை ஒன்று. ‘கீழே எழுதுவோர் இருக்கைகள், மேலே நூலகம்’ என்ற குறிப்பும் உண்டு. வெளிச்சத்துக்காக மேசைகள் சுவரோரம் ஒதுங்கியிருப்பதைப் பார்க்கும்போதே அவர்களுடைய கண் பட்ட பாடு புரிகிறது. ‘மூன்று விரல்கள் எழுதுகின்றன, உடம்பு முழுவதும் உழைக்கிறது’ என்று அக்காலத்துப் படியெழுதுநர் நூலின் கடைசியில் குறித்து வைத்தார்கள்.

எல்லா மடத்திலும் இப்படித் தனி அறை இருக்கவில்லை. அதனால் ஆய்வாளர்கள், ஒரே மடத்தில் ஒரே எழுத்து மரபில் எழுதியவர்களின் குழுவையும் இச்சொல்லால் சுட்டுகிறார்கள். 1946இல் பெல்ஜியத்தில் தொடங்கிய, இடைக்காலச் சுவடிகளுக்கான ஆய்விதழின் பெயரும் இதுவே. எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது. தோல், தையல், கோடிட்ட முறை, கட்டுமானம் எல்லாம் சேர்ந்ததே சுவடி என்ற பார்வைக்கு அது இடம் கொடுத்தது.

தமிழில் ‘சுவடிக்கூடம்’ என்றால் பொருள் மாறிவிடும். சரசுவதி மகாலின் பழைய பெயரான சரசுவதி பண்டாரம்போல, அது சேர்த்து வைக்கும் இடம். என் மனம் முதலில் ‘எழுத்துப்பள்ளி’யை நாடியது. பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவிகள் உறைந்த இடத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர். மடைப்பள்ளியில் அது வேலை நடக்கும் இடமும்கூட. இவ்வளவு பொருத்தமிருந்தும், இன்றைய வாசகருக்கு அது பிள்ளைகள் அகரம் பழகும் இடமாகத்தான் படும். ஆகவே ‘படியெழுது கூடம்’ என்பதே சரி. குழுவைச் சொல்லும் இடங்களில் ‘சாங்க்ட் காலன் படியெழுதுநர்’ என்று ஆட்களையே சொல்லிவிடலாம். இதழின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் ஸ்கிரிப்டோரியம் என்றே எழுத வேண்டும்.