பதினோரு பாக்கெட் சாம்பார் பொடி

மொரீஷியஸில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்னிடம் மனசைப் பற்றிப் பேச வருவதில்லை. தூக்கம் வரவில்லை, வயிறு சரியில்லை, நெஞ்சு படபடக்கிறது, எல்லா டெஸ்டும் எடுத்த பிறகு டாக்டர் உங்களைப் பார்க்கச் சொன்னார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஊர் ஞாபகமா என்று கேட்டால், "அதெல்லாம் இல்லைங்க, இன்னும் இரண்டு வருஷம்தானே" என்பார்கள். அந்த இரண்டு வருஷத்தை ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

ஒரு பெண். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவருக்கு இங்கே எபேன் என்ற ஊரில் ஐடி வேலை. போனில் இந்திய நேரத்தையே வைத்திருந்தார். அம்மா அங்கே தூங்கப் போனால், ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும் இந்த ஊரில் இவருக்கும் அன்றைய பொழுது முடிந்துவிடும். அம்மா அரைத்துக் கொடுத்த சாம்பார் பொடியை மாதத்துக்கு ஒரு பாக்கெட் என்று கணக்கு வைத்திருந்தார். ஒரே வாரத்தில் கணவர் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டபோது கத்தி அழுதிருக்கிறார். அப்போது மிச்சம் பதினோரு பாக்கெட்.

இந்தத் தீவில் ஒரு சிக்கல், மற்ற நாடுகளைவிட இங்கே அதிகம் என்று நினைக்கிறேன். இந்த நாட்டு ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் முத்துசாமி. நம்ம ஊர் மாதிரி இருக்கும் என்று நம்பி வருகிறோம், அப்புறம் முத்துசாமி, பிரெஞ்சிலிருந்து வந்த இந்த ஊர் மொழியான கிரியோலில் பேசுகிறார். "தமிழ்ப் பேர், ஒரு வார்த்தை தமிழ் வரல" என்று சலித்துக்கொள்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து தொழில் செய்ய வந்தவர்கள், 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள், இவர்களுடைய வம்சம் அது. போனும் இல்லாமல், நினைத்தபோது ஊருக்குத் திரும்பிப் போக வழியும் இல்லாமல், விரதமிருந்து காவடி எடுப்பதை இத்தனை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டு, இங்கே நமக்கு யாருமே இல்லை என்று அழுகிறோம்.

அந்தப் பெண்ணிடம் கிரியோலில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ளச் சொன்னேன். "கி மான்யேர்?" என்றால் எப்படி இருக்கீங்க, "கொரெக்" என்றால் நல்லா இருக்கேன், அந்த அளவுக்குப் போதும். சந்தையில் ஒரு பாட்டி கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டி "ப்ரெத் மூரூம்" என்றாராம். பார்த்தால் முருங்கைக்கீரை! முருங்கைதான் மூரூம் ஆகியிருக்கிறது. இதைச் சொல்லும்போது, மூன்று மாதத்தில் முதல் தடவையாக என் முன்னால் சிரித்தார்.

தொழிற்சாலை விடுதிகளில் இருக்கும் தம்பிகளின் கதை வேறு. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருப்பவனிடம் ஊர் ஏக்கம் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அது இந்திய அரசின் சொத்து என்று பாஸ்போர்ட்டிலேயே அச்சிட்டிருக்கிறது, அதை முதலாளி பூட்டி வைக்கக் கூடாது. தராவிட்டால் தலைநகர் போர்ட் லூயிஸில் இருக்கும் இந்தியத் தூதரகமான ஹை கமிஷனுக்குப் போகலாம்.

சரி, எப்போது உதவி தேடுவது? தூக்கமோ பசியோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், எதிலும் ஆசை விட்டுப்போனால், தூங்குவதற்காகவே குடிக்க ஆரம்பித்தால், தள்ளிப்போடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பக்கத்தில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், ஆபத்து என்றால் இங்கே 114க்குப் போன் செய்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊருக்கு விடுமுறையில் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள், திரும்பி வந்த இரண்டே வாரத்தில் முன்னைவிட மோசமாகி வருகிறார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். விமான டிக்கெட் போடும் அன்றே, திரும்பி வரும் வாரத்துக்கு உங்கள் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்துவிடுங்கள்.