கட்டியை எடுத்த பிறகு இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

"நுரையீரல் கட்டியை முழுவதும் எடுத்துவிட்டதாக மருத்துவர் சொல்கிறார். பிறகு எதற்குக் கீமோதெரபி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் எட்டாத சில புற்றுச் செல்கள் முன்பே வேறிடத்தில் குடியேறியிருக்கலாம். யார் உடலில் என்று தெரியாது. ஆகவே கட்டியின் அளவையும் நிணநீர்க் கணுக்களில் பரவியிருப்பதையும் பார்த்து, ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு மருந்து தருகிறார்கள். சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைச் சார்ந்த கீமோதெரபியால் ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர் கூடுகிறார்கள். அந்த ஐவர் யாரென்று தெரியாததால் நூறு பேரும் வாந்தி, நரம்புப் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளின் அபாயத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் இரத்தம் உதவிக்கு வருகிறது. செல் மடியும்போது அதன் டிஎன்ஏ துண்டுதுண்டாகி இரத்தத்தில் கலக்கும். மாண்டெல், மெத்தே என்ற இருவர் 1948இலேயே இதைக் கண்டார்கள். துண்டுகள் பெரும்பாலும் 167 டிஎன்ஏ எழுத்து நீளம். செல்லுக்குள் ஹிஸ்டோன் என்ற புரதத்தைச் சுற்றியிருக்கும் டிஎன்ஏ பகுதி நொதிகளின் வெட்டுக்குத் தப்புவதால் வந்த அளவு அது. இந்தத் துண்டுகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. இரண்டு மணி நேரம் போனால் பாதிக்கு மேல் அழிந்துவிடும். எனவே அறுவைக்குச் சில வாரங்கள் கழித்தும் கட்டியின் பிறழ்வை, அதாவது அதன் டிஎன்ஏவில் நேர்ந்த எழுத்து மாற்றத்தை, சுமந்த துண்டு கிடைத்தால், அதை உதிர்க்கும் செல்கள் எங்கோ இன்னும் இருக்கின்றன.

கிடைப்பதுதான் கடினம். ஒரு குழாய் இரத்தத்தில் மரபணுத் தொகுதியின் பிரதிகள் சில ஆயிரம்தான் இருக்கும்; அதாவது டிஎன்ஏவின் எந்த ஓர் இடத்துக்கும் அத்தனை துண்டுகள்தான். 5,000 என்று கொள்வோம். ஐம்பதாயிரத்தில் ஒரு துண்டுதான் புற்றிலிருந்து வந்தது என்றால், ஒரே பிறழ்வைத் தேடுபவர் பத்துக் குழாய்களில் ஒன்றில்தான் அதைக் காண்பார். அதே நோயாளியின் கட்டியின் டிஎன்ஏவை முழுவதும் வாசித்து, அதற்கே உரிய 200 பிறழ்வுகளை ஒருசேரத் தேடினால்? ஆராயும் துண்டுகள் 200 × 5,000 = 10 லட்சம், அவற்றில் எதிர்பார்க்கக்கூடிய புற்றுத் துண்டுகள் 20! இரத்தம் ஒரு துளிகூடக் கூடவில்லை, கேள்விகள் மட்டுமே கூடின. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நுரையீரல் புற்றுநோயை ஆராயும் பிரிட்டனின் டிரேசர்எக்ஸ் ஆய்வுக் குழு 2017இல், சிலரிடம் ஸ்கேனில் தெரிவதற்கு மாதங்கள் முன்பே நோய் திரும்புவதை இப்படிக் கண்டறிந்தது. ஆனால் வயதாக ஆக வெள்ளையணுக்களிலும் பிறழ்வுகள் சேரும்; அவற்றைப் புற்றின் துண்டுகள் என்று தவறாக எண்ணக்கூடாது. அவற்றைத் தனியே வாசித்துக் கழித்துவிடுகிறார்கள்.

துண்டு கிடைத்தால் ஆபத்து உறுதி. கிடைக்காவிட்டால் நிம்மதி உறுதியல்ல. அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றின் சிறிய கட்டிகள் டிஎன்ஏவை மிகக் குறைவாகவே உதிர்க்கின்றன. மூளைக்குப் பரவியது இரத்தத்தில் தெரியாமலே போகலாம். ஆகவே, துண்டு கிடைக்காதவர்களுக்குக் கீமோவைத் தவிர்ப்பது பாதுகாப்பானதா என்பதைப் பெரிய மருத்துவச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும். மருந்தைக் குறைக்கும் சோதனைக்கு மருந்து நிறுவனம் பணம் தரும் என்று காத்திருக்க முடியாது. அந்தச் செலவை அரசுகள்தான் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.