அப்பாவுக்கு மரியாதை கேப்பிடல் லெட்டரில் இல்லை

வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதி, திருத்தித் தரச்சொல்லி நேற்று ஒரு பழைய மாணவி வந்தாள். 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்' என்ற வரியில் ஃபாதருக்கும் பெரிய எஃப், ஃபார்மருக்கும் பெரிய எஃப். கடைசியில் தன் பெயரையும் தஞ்சாவூரையும் மட்டும் சின்ன எழுத்தில் தொடங்கியிருந்தாள். ஏம்மா என்றால், "அப்பாவைச் சின்ன எழுத்துல எழுதினா மரியாதையா இருக்காதே மிஸ்" என்கிறாள். இந்த மாதம் இது நாலாவது கடிதம்.

ஆங்கிலத்தில் கேப்பிடல் லெட்டருக்கும் மரியாதைக்கும் சம்பந்தமே இல்லை. தமிழ் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது. மரியாதை நமக்கு 'வந்தார்', 'அவர்கள்' என்று சொல்லிலேயே வந்துவிடும். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த மரியாதையை எங்கே வைப்பது என்று தேடி, பெரிய எழுத்தில் வைத்துவிடுகிறோம். லீவ் லெட்டரில் 'ரெஸ்பெக்டட் சர்' என்று எழுதிப் பழகிய கை வேறு. அது கடிதத்தில் விளிக்கும் வழக்கம், அவ்வளவுதான். உரையாடலில் 'எஸ், சர்' என்று வரும்போது அதே சர் சின்ன எஸ்தான். திருடனின் பெயருக்கும் பெரிய எழுத்து உண்டு. உயிரைக் காப்பாற்றியவரே ஆனாலும் 'எ டாக்டர்' என்றால் சின்ன டி. 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி' என்று பெயரோடு ஒட்டினால்தான் பெரிய டி.

அப்பா, அம்மாவில் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் அவர்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். 'ஃபாதர் டோல்டு மீ' என்பதில் முருகன் என்று போட்டாலும் வாக்கியம் நிற்கிறது. அங்கே அது ப்ராப்பர் நவுன், அதாவது ஒருவருக்கோ ஓர் இடத்துக்கோ உரிய தனிப்பெயர். அதனால் பெரிய எஃப். 'மை ஃபாதர்' என்பதில் போட்டால் 'மை முருகன்' என்று இடிக்கிறது. அது காமன் நவுன், அதாவது பொதுப்பெயர். அதனால் சின்ன எஃப்.

உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் ப்ராப்பர் நவுன் என்பது அடுத்த தப்பு. சூரியன் நமக்கு ஒன்றுதான். 'த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்' என்பதில் சன்னும் ஈஸ்ட்டும் சின்ன எழுத்தே. 'சவுத் இந்தியா' என்றால் மட்டும் திசை பெயருக்குள் சேர்ந்துவிட்டது, பெரிய எஸ். மாதங்களுக்குப் பெரிய எழுத்து, சம்மருக்குச் சின்னது. பாடங்களில் கெமிஸ்ட்ரி சின்னது, தமிழும் இங்கிலீஷும் மொழிப்பெயர்கள், எப்போதும் பெரியவை.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் பொதுப்பெயர்களுக்குப் பெரிய எழுத்து போட்டதுண்டு. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பின் முதல் வரியிலேயே 'யூனியன்', 'ஜஸ்டிஸ்' எல்லாம் கேப்பிடலில் இருக்கின்றன. ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான். இன்றைய ஆங்கிலத்தில் அந்த வழக்கம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஐ வொர்க் இன் பேங்க்' என்று எழுதாதீர்கள். எண்ணக்கூடிய ஒன்றைக் குறித்து ஒருமையில் வரும் காமன் நவுனுக்கு முன்னால் பொதுவாக எ, த, மை என ஏதாவது ஒன்று வேண்டும். 'சென்னை'க்கு அது வேண்டாம், 'காவேரி'க்கு முன்னால் 'த' உண்டு. ஆற்றுப் பெயர்களுக்கு அப்படித்தான், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஆசிரியர்களே, தயவுசெய்து சிவப்பு மையால் வட்டம் போட்டதோடு விடாதீர்கள். ஏன் பெரிய எழுத்து போட்டாய் என்று ஒரு வார்த்தை பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளைகளே, போனில் தட்டிப் பழகாதீர்கள், அது பாதி எழுத்தைத் தானே மாற்றிவிடுகிறது. தினமும் ஐந்து வரி, நோட்டில், கையால் எழுதுங்கள்.