எறிபாதை அன்று, செல்தடம்

ராபர்ட் ஃபார்குவர் என்னும் அமெரிக்க விண்பொறியாளரைக் கோவை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும் கையேடு ஒன்று, அவரை ‘எறிபாதை வடிவமைப்பாளர்’ என்கிறது. டிராஜெக்டரி என்பதற்கு இந்தச் சொல்லை மேடைகளிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ‘குறுக்கே எறிதல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த அந்த ஆங்கிலச் சொல், இன்று இயங்கும் பொருள் வெளியில் செல்லும் வழி எதனையும் குறிக்கிறது.

கவண்கல்லுக்கு எறிபாதை மிகப் பொருந்தும். கையை விட்டகன்றபின் அதன் போக்கை மாற்ற எறிந்தவரால் இயலாது. ஃபார்குவர் செய்ததோ அதற்கு நேர்மாறானது. சூரியனிலிருந்து வெளிவரும் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றை ஆராய 1978இல் ஏவப்பட்ட ஐசீ-3 கலத்தை அவர் பின்னாளில் நிலவருகே பலமுறை செலுத்தி, நிலவின் ஈர்ப்பையே துணையாகக் கொண்டு திசைதிருப்பினார். 1985 செப்டம்பரில் அது ஜியாகோபினி-சின்னர் வால்மீனின் வாலைக் கடந்தது. நியர் கலம் 1998 டிசம்பரில் எஞ்சின் இடையில் நின்றதால் ஈராஸ் சிறுகோளைத் தவறவிட்டபோதும், வழியைப் புதிதாகக் கணக்கிட்டு, 2000 பிப்ரவரி 14 அன்று அதனைச் சுற்றவைத்தார்கள். இதில் எறிதல் எங்கே இருக்கிறது?

வேர்ப்பொருளுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பார்கள். லத்தீன் வேருக்குத் தமிழ் ஏன் கட்டுப்பட வேண்டும்? 1802இல் வில்லியம் ஹெர்ஷல் முன்வைத்த ஆஸ்டிராய்டு என்னும் பெயருக்கு ‘விண்மீன் போன்றது’ என்பதே பொருள்; நாம் அந்த வேரைப் பின்பற்றாமல், பொருளின் இயல்பைப் பார்த்துச் சிறுகோள் என்றோம், அதுவே நிலைத்தது. மேலும், றகர ரகர வேறுபாடு பேச்சில் மங்கிவிட்ட இக்காலத்தில், எறிபாதை கேட்பவர் காதில் எரிபாதையாகவே விழும். அகராதியைத் திறக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கலம் எப்படிச் செல்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

சிலர் இதனைச் சுற்றுப்பாதை என்றே எழுதிவிடுகிறார்கள். அது இன்னும் பெரிய பிழை. நம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை பங்காற்றிய மங்கள்யான், 2013 நவம்பரில் புவியைச் சுற்றியதும் 2014 செப்டம்பர் 24 முதல் செவ்வாயைச் சுற்றியதும் சுற்றுப்பாதைகளில். இடையே ஏறத்தாழ பத்து மாதங்கள் அது சென்ற வழிக்கு வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல் கொங்கு நாட்டில் அன்றாடம் புழங்குகிறது. ‘இந்தத் தடத்துலயே போனீங்கன்னா இட்டேரி (வேலிகளுக்கு இடையே செல்லும் வண்டிப்பாதை) வருமுங்க’ என்று வழி சொல்பவருக்குத் தடம் என்பது இனிச் செல்ல வேண்டிய வழி. காலும் வண்டியும் பதித்துச்சென்ற சுவடும் தடமே. கலம் ஏவப்படுமுன் கணக்கில் வகுத்த வழியையும், ஏவியபின் அது உண்மையில் சென்ற வழியையும் ஒருங்கே குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. வழித்தடம் என்றால் பேருந்து நினைவுக்கு வரும்; ஆகவே செல்தடம் என்போம். கலம் விலகும்போது சிற்றெஞ்சின்களை இயக்கி வழிப்படுத்துவதைச் ‘செல்தடத் திருத்தம்’ எனலாம். ‘எறிபாதைத் திருத்தம்’ என்றால், எறிந்துவிட்டதை எப்படித் திருத்துவது என்று பள்ளிப் பிள்ளை கேட்கும், அந்தக் கேள்வி நியாயமானதே.