அருகில் இருக்கும் சர்வரைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அலுவலகக் கணினியில் பாஸ்வேர்டை அடிக்கிறீர்கள். அது சரியா என்று முடிவு செய்வது எல்லாருடைய கணக்கும் பதிவாகியிருக்கும் டைரக்டரி சர்வர். பெரிய நிறுவனம் என்றால் இப்படிப் பல சர்வர்கள் பல ஊர்களில் இருக்கும். எதன் முகவரியையும் யாரும் கணினியில் எழுதி வைப்பதில்லை. அதுவே தேடிக்கொள்கிறது.

விண்டோஸ் 2000 உடன் வந்த, மைக்ரோசாஃப்டின் டைரக்டரி அமைப்பான ஆக்டிவ் டைரக்டரியில் இந்தத் தேடல் டிஎன்எஸ் வழியாக நடக்கிறது. பொதுவாக டிஎன்எஸ்ஸிடம் ஒரு பெயரைக் கொடுத்து ஐபி முகவரியை வாங்குவோம். இங்கே கேள்வி வேறு: "இந்த டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கணக்குகள், கணினிகளின் தொகுப்பில்) இந்தச் சேவையைத் தருவது யார்?" அதற்கென்றே எஸ்ஆர்வி என்ற பதிவு உண்டு. சர்வரின் பெயர், போர்ட் எண் (சர்வரில் அந்தச் சேவைக்கான வாசல் எண்), முன்னுரிமை, எடை ஆகிய நான்கும் அதில் இருக்கும். டைரக்டரியிடம் கேள்வி கேட்பதற்கான நெறிமுறையான எல்டாப் என்றால் போர்ட் 389. முன்னுரிமை எண் சிறியதாக உள்ள சர்வருக்கே முதலிடம். அது சமமானால் எடைக்கு ஏற்பக் கோரிக்கைகள் பிரியும். இந்தப் பதிவுகளைச் சர்வர்கள் தாங்களே டிஎன்எஸ்ஸில் சேர்க்கின்றன.

சரி, பட்டியல் கிடைத்துவிட்டது. ஆனால் எது பக்கத்தில் இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். புதிதாக வந்து சேர்ந்த கணினிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. அதனால் பட்டியலில் உள்ள சர்வர்களுக்கு யுடிபி வழியாக (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் செய்தி அனுப்பும் முறை) ஒரு சின்ன எல்டாப் விசாரணையை அனுப்புகிறது. பதில் தரும் சர்வர் தொலைதூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை. கேட்ட கணினியின் ஐபி முகவரி எந்த சப்நெட்டில் (ஐபி முகவரிகளின் தொகுதியில்) வருகிறது, அந்த சப்நெட் எந்த சைட்டைச் (டைரக்டரியில் ஓர் இடத்தைக் குறிக்கும் பெயரை) சேர்ந்தது என்று பார்த்து, "நீ இந்த சைட்டில் இருக்கிறாய்" என்று சொல்லிவிடுகிறது. அப்புறம் கணினி அந்த சைட்டின் பெயரைச் சேர்த்து டிஎன்எஸ்ஸிடம் மறுபடி கேட்கிறது. இந்த முறை பக்கத்துச் சர்வர்களே வருகின்றன. கிடைத்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தேடாது.

வழி தெரிந்தவரிடம் கேட்டு வீடு சேர்வது மாதிரிதான். ஆனால் அவரிடம் உள்ள வரைபடம் சரியாக இருக்க வேண்டும். புதிய கிளையைத் திறந்து, அதன் சப்நெட்டை டைரக்டரியில் சேர்க்க மறந்தால், எந்த சைட் என்ற பதிலே வராது. கணினி ஏதோ ஒரு தொலைதூரச் சர்வரைப் பிடித்துக்கொள்ளும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் தோன்றாது, லாகின் மட்டும் இழுக்கும். பலர் கேபிளையும் கணினியையும் மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கு முன் விண்டோஸின் என்எல்டெஸ்ட் (nltest) கட்டளையை ஓட்டி, கணினி எந்தச் சர்வரைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். வேறு ஊர்ச் சர்வரின் பெயர் வந்தால், முதலில் சரிபார்க்க வேண்டியது அந்த சப்நெட் பட்டியலைத்தான்.