கிட்னிக்குத் துரு எடுக்கும் டப்பா

காசிமேட்டில் போட் எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக் அவர். அம்மா கொடுத்த கிட்னியோடு மூன்று வருடமாக நன்றாக இருந்தவர். கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறினால் கிட்னி தளர்கிறது என்று அர்த்தம்) 1.2-ஐத் தாண்டியதில்லை. போன மாதம் வந்தபோது 2.1. கை நடுங்குகிறது, ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை என்றார். மாற்றிய கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தரும் மாத்திரை டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அதன் அளவு 16. அவருக்கு 6, 7 இருந்தாலே போதும்.

மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். (இதுவும் அடிக்கடி நடப்பதுதான். இரவு மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டு வந்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.) மறுநாள் சரியாக எடுத்தும் 15. அப்புறம்தான் அவர் மனைவி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தாரு மேடம். ஆண்டிஆக்சிடன்ட் பவுடராம். கிட்னி துருப்பிடிக்காதாம்."

இப்படி வரும் டப்பாக்களை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதைத் தினம் பார்க்கிறவரிடம் இந்தக் கதை எடுபடாமல் இருக்குமா? கதையில் பாதி உண்மையும் கூட. ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது சில ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிப் பெருகிச் செல்களைக் கெடுப்பது, நிஜமாகவே உண்டு. ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தின் மேல் அதன் பெரிய அடி விழுவது ஆபரேஷன் மேசையிலேயே. எடுத்த சிறுநீரகம் ரத்தமில்லாமல் ஐஸில் காத்திருக்கிறது. ரத்தக்குழாயை இணைத்துக் கிளாம்பை விடுவித்ததும் ஆக்சிஜன் பாய்கிறது. அப்போதுதான் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல்களைச் சுடுகின்றன. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வரும் சிறுநீரகம் சில நாள் வேலை செய்யாமல் கிடந்து, டயாலிசிஸ் தேவைப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூன்று வருடம் கழித்துப் பாலில் கலக்கும் பவுடர் அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய் என்ன செய்யும்?

பிறகும் இந்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும்தான். சர்க்கரை, பிரஷர், பீடி எல்லாமே கூட்டும். டாக்ரோலிமஸே கூட்டும், அளவு ஏறினால் இன்னும் கெடுதல். இன்னொன்று, இந்த மூலக்கூறுகள் வெறும் துரு அல்ல. வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்வதும் இவற்றை வைத்துத்தான். சுரண்டி எடுத்துப் பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை இது. ஆண்டிஆக்சிடன்ட் பவுடர் சாப்பிட்டால் மாற்றுச் சிறுநீரகம் அதிக வருடம் உழைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது.

டப்பா லேபிளில் மஞ்சள் சாறு, மிளகுச் சாறு, பச்சைத் தேயிலை. டாக்ரோலிமஸை உடைக்கும் நொதியை இவை மந்தமாக்கக்கூடும். மருந்து ரத்தத்திலேயே தேங்கும். மஞ்சளை மிதமிஞ்சிச் சாப்பிட்டு இப்படி அளவு எகிறிய நோயாளி பற்றி மருத்துவ இதழில் பதிவே இருக்கிறது. உடனே குழம்பு, ரசம் பற்றிக் கேட்காதீர்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள். செறிவூட்டிய சாறு வேறு, சமையல் வேறு.

அதே நொதியை மந்தமாக்கும் பம்ப்ளிமாஸ் பழமும் வேண்டாம். சீந்தில் போல எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் கஷாயமும் வேண்டாம். அந்தச் சக்தியை அடக்கத்தானே மாத்திரையே தருகிறோம்? விட்டமின் சி-யை அள்ளிப் போட்டால் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியும். உடம்புவலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். வேறு டாக்டரிடம் போனால், அவர் பேனாவை எடுக்கும் முன் கிட்னி மாற்றியவர் என்று சொல்லுங்கள். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின் தரைமட்டமாக்கும்.

பவுடரை நிறுத்தினோம். அளவு இப்போது 7, நடுக்கம் போய்விட்டது. கிரியாட்டினின் 1.5-இல் நிற்கிறது. பழைய 1.2 இன்னும் வரவில்லை.

அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கிற டப்பா, பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். கொஞ்சம்தான் திட்டுவேன்.