ஸ்வரத்துக்கு நிறம் தெரிகிறது என்று குழந்தை சொன்னால்

கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை பாடும்போது மத்தியமம் என்ற ஸ்வரம் நீலமாகத் தெரிகிறது, நிஷாதம் துருவின் நிறம் என்கிறது குழந்தை. புதன்கிழமைக்கு ஒரு நிறம், அத்தையின் பெயருக்கு வேறொரு நிறம். பயந்துபோன பெற்றோர் உளவியல் ஆலோசகரான என்னிடம் அழைத்து வருகிறார்கள். பொய் சொல்கிறதா, மனநோயின் தொடக்கமா என்பதுதான் அவர்கள் கேள்வி. பெரும்பாலும் இரண்டுமே இல்லை. ஒரு புலன் தூண்டப்படும்போது இன்னொன்றும் தானாகவே விழித்துக்கொள்ளும் இந்தத் தன்மைக்கு சினஸ்தீசியா என்று பெயர். இது நோயன்று.

1812-இலேயே கியோர்க் சாக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், எழுத்துகளும் இசை ஒலிகளும் தமக்கு நிறங்களாகத் தோன்றுவதை எழுதிவைத்தார். பிரிட்டனில் 2006-இல் வெளியான ஆய்வின்படி நூற்றுக்குச் சுமார் நான்கு பேருக்கு ஏதாவதொரு வகை சினஸ்தீசியா உண்டு. நம் வகுப்பறைகளிலும் இத்தகைய குழந்தைகள் இருப்பார்கள். கேலிக்கு அஞ்சி வாய் திறப்பதில்லை.

உண்மைதானா என்று அறிய வழி இருக்கிறது. எழுத்துகளையும் ஸ்வரங்களையும் வரிசை மாற்றிக் கேட்போம். நீலம் என்றால் எந்த நீலம் என்று வண்ண அட்டையில் காட்டச் சொல்வோம். சில மாதங்கள் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் அதையே மறுபடி கேட்போம். யோசித்துப் புனைந்தவர் தடுமாறுவார். சினஸ்தீசியா உள்ளவர்களின் பதில் அநேகமாக மாறாது. ஆனால் ஆறேழு வயதில் நிறங்கள் முழுமையாக நிலைபெற்றிருக்காது. ஒரு முறை மாற்றிச் சொன்னதற்காகச் சிறு குழந்தையைப் பொய்யர் ஆக்கிவிட வேண்டாம்.

மூளையில் எழுத்துகளை இனங்காணும் பகுதியும் நிறத்தை உணரும் பகுதியும் அருகருகே இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே வழக்கத்தைவிட அதிக இணைப்பு இருக்கலாம் என்று 2001-இல் மூளை ஆய்வாளர்கள் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் விளக்கினார்கள். ‘பூபா’, ‘கிக்கி’ என்ற பொருளற்ற சொற்களை வைத்து, அமெரிக்க மாணவர்களையும் தமிழ் பேசுவோரையும் அவர்கள் சோதித்ததும் அப்போதுதான். வளைந்த உருவம், கூர்முனை உருவம் இரண்டையும் காட்டி, எது பூபா, எது கிக்கி என்று கேட்டபோது, இரு சாராரும் பெருமளவில் பூபாவை வளைவுக்கும் கிக்கியைக் கூர்முனைக்கும் பொருத்தினார்கள். ஒலியைக் கண்ணோடு சேர்த்துப் பார்க்கும் இயல்பு எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு அது வலுவாக, கேட்காமலே வந்துவிடுகிறது.

பழைய இசை நூலான சங்கீத ரத்னாகரம், ஸ்வரங்களில் ஸட்ஜத்துக்குத் தாமரை நிறம், காந்தாரத்துக்குப் பொன்னிறம் என்று வகுத்திருக்கிறதே என்று பாட்டு ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அது மரபு வகுத்த பொருத்தம். குழந்தை காணும் நிறம் அதற்கே உரியது. நூலோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

எனக்குப் பெரிதும் பிடித்த எடுத்துக்காட்டு எழுத்தாளர் நபக்கோவ். சிறுவனாக இருந்தபோது, எழுத்துக்கட்டைகளின் நிறங்கள் எல்லாம் தவறு என்று தாயிடம் முறையிட்டார். தாய் சிரிக்கவில்லை. அவருக்கும் எழுத்துகள் நிறமாகத் தெரிந்தன, இசையும்கூட. இத்தன்மை குடும்பங்களில் தொடர்வது வழக்கம். குழந்தையைப் பற்றிப் பேச வந்த தாயோ தந்தையோ, தயக்கத்தோடு, “எனக்கும் கிழமைகள் நிறமாகத்தான் தெரியும்” என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கட்டைகளின் தொல்லை இன்றைய பள்ளிகளிலும் உண்டு. ‘அ’ சிவப்பாகத் தெரியும் குழந்தைக்குப் பச்சை ‘அ’ அச்சிட்ட அட்டையைக் கொடுத்தால், படிக்கும் வேகம் குறையலாம். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். கறுப்பு எழுத்துகளில் கொடுங்கள், அல்லது தன் நிறங்களில் எழுதிக்கொள்ள விடுங்கள். ஒரே நிறத்தில் தோன்றும் இரண்டு பெயர்களை மாற்றிச் சொல்வதும் இவர்களிடம் உண்டு.

மருத்துவரிடம் போக வேண்டிய நிலைமை வேறு. பிறவி சினஸ்தீசியா உள்ளவருக்கு அது எப்போது தொடங்கியது என்றே நினைவிருக்காது. இதுவரை இல்லாமல் திடீரென்று ஒலி கேட்டதும் ஒளியோ நிறமோ தோன்றினால், அதிலும் தலைவலி, வலிப்பு, தலையில் அடி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால், நரம்பியல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் தாமதமின்றிப் பாருங்கள். போதைப்பொருளாலும் இப்படி நேரும். பிள்ளைகள் அதை ஒளிக்காமல் சொல்லும்படி, மிரட்டாமல் கேளுங்கள்.